இரட்டை வயிற்று எழுத்து

அந்த ஆய்வகத்தில் மாமியார் என்றால் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர். பேர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. கதவை ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்தால் கத்த ஆரம்பித்துவிடும், மூடிய பிறகும் கால் மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வந்த பேர். அதோடு மல்லுக்கு நிற்காமல் காலம் தள்ளத் தெரிந்தவள் தாஷ்கண்டிலேயே ஒருத்திதான் என்று அங்கே சொல்வார்கள். அவள் மஸ்தூரா.

மஸ்தூராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலைக்கு வந்து முப்பத்தோரு ஆண்டு ஆகிறது. பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். என்னென்ன வேலை செய்கிறாள் என்று கேட்பதைவிட, எதைச் செய்வதில்லை என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக் காய வைப்பாள். டிஎன்ஏவைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை வார்ப்பாள். கழிவுகளை ஆட்டோகிளேவில், அதாவது அண்டா அளவுள்ள அந்த நீராவிக் குக்கரில், போட்டு அவித்துக் கொட்டுவாள். சுண்டுவிரல் நுனி அளவுள்ள குழாய்களின் மூடியில் பெயரும் எண்ணும் தேதியும் எழுதி மாமியாரிடம் ஒப்படைப்பாள். காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் எல்லாருக்கும் பச்சைத் தேநீர் ஊற்றுவாள். பட்டம் வாங்கியவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். மஸ்தூரா ஒருநாள் வராவிட்டால் பன்னிரண்டு பேரும் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு அலைவார்கள்.

நடையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மேலே 'செய்திகள்' என்று எழுதியிருக்கும். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய கட்டுரை எந்த இதழில் வரப்போகிறது, எந்தக் கிழமை தண்ணீர் வராது எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே மஸ்தூராவின் கையெழுத்து. அவளுடைய பிறந்தநாள் மட்டும் ஒரு தடவைகூட அதில் வந்ததில்லை. தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். பலகையில் இல்லாத பிறந்தநாள் மற்றவர்களுக்கு நினைவு வருவதில்லை. முப்பத்தோரு பிறந்தநாள் இப்படியே போயிற்று. இதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை என்பது உண்மை. குறையே இல்லை என்றால் அது பொய்.

அவள் எழுதுவது பழைய எழுத்தில். உஸ்பெக் மொழி ஒன்றுதான், சட்டை இரண்டு. மஸ்தூரா பள்ளிக்குப் போன காலத்தில் ரஷ்ய எழுத்து. அவள் பிள்ளைகள் போன காலத்தில் லத்தீன் எழுத்து வந்துவிட்டது. புதியதை அவளால் படிக்க முடியும், கொஞ்சம் நின்று நிதானித்து. எழுதச் சொன்னால் கை மக்கர் பண்ணும். அதனால் ஃப்ரீசர் முழுக்கப் பழைய எழுத்து, கணினி முழுக்கப் புதிய எழுத்து. இத்தனை ஆண்டில் இதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. துர்தோனாவின் திராட்சை வரும்வரைக்கும்.

துர்தோனா அங்கே முனைவர் பட்டத்துக்காக வேலை செய்யும் பெண். இருபத்தொன்பது வயது, கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். நாட்டில் மிச்சமிருக்கும் பழைய திராட்சைக் கொடிகளின் டிஎன்ஏவை எடுத்து, எது எதற்குச் சொந்தம் என்று வம்சாவளி பார்ப்பது அவள் ஆராய்ச்சி. நாலு ஊர்ப்பக்கம் போனாள், நாலு பெட்டி ஆயிற்று. மஸ்தூரா தன் வழக்கப்படி பழைய எழுத்தின் அகரவரிசையில் பெட்டிகளுக்குப் பெயர் போட்டாள். ஆ, பே, வே, கே. இரண்டாவதான பே, பக்கத்திலிருக்கும் பார்கெண்ட் தோட்டங்களின் பெட்டி. மூன்றாவதான வே, தெற்கே மலைக்குள் இருக்கும் பாய்சுன்.

பாய்சுனுக்கு மஸ்தூராவும் போயிருந்தாள். இலையைக் காய வைத்துப் பெயர் எழுத ஒரு ஆள் வேண்டும். தவிர, கல்யாணமாகாத பெண்ணை டிரைவரோடு தனியாக மூன்று நாள் அனுப்ப துர்தோனாவின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அக்டோபர் கடைசி. அங்கே ஹோலியோர் என்ற பெரியவர் வீட்டு முற்றத்தில், ஊரில் எல்லாக் கொடியும் ஓய்ந்த பிறகும் ஒரு கொடி மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது. கருநீலப் பழம், மேலே மாவு பூத்தாற்போல் இருக்கும், கடித்தால் லேசாக மிளகு வாசம். கொடிக்கு என்ன பெயர் என்று துர்தோனா கேட்டாள். பெயரெல்லாம் கிடையாது, எங்கள் வீட்டுக் கொடி, அவ்வளவுதான் என்றார் பெரியவர். குறிப்பேட்டில் அது ஏழாம் எண் ஆயிற்று.

மஸ்தூரா அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, வாயாரப் புகழ்ந்தாள். கிளம்பும்போது பெரியவர் கொடியில் ஒரு முழக் குச்சியை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார். வாங்கியிருக்கக் கூடாது. இலையைத் தவிர வேறு எதையும் கொண்டுவர மாட்டோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கொடி கொண்டுவந்தால் வேர்ப்பூச்சியும் கூட வரும், அதற்கென்றே நோய்த்தடுப்பு விதி இருக்கிறது. ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் கையில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு மஸ்தூராவை யாரும் பழக்கவில்லை. ரொட்டி கட்டும் துணிக்குள் குச்சியை வைத்துச் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்து, வீட்டு முற்றத்தில் மதிலோரம் நட்டுவிட்டாள். துர்தோனாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம்தான் கொடுங்குளிர்காலம். ஊரே விறைத்துப்போய், மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மாமியார் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றபோது ஆய்வகத்தில் எல்லாருக்கும் கைகால் ஓடவில்லை. மஸ்தூரா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துப் பால்கனியில் பனிக்குள் புதைத்து, மேலே தன் மேல்கோட்டைப் போர்த்தி, மின்சாரம் வரும்வரை அங்கேயே நின்றாள். துர்தோனாவின் நாலு பெட்டியும் பிழைத்தது அப்படித்தான். பாய்சுனில் அந்தப் பெரியவரின் நாற்பது வயதுக் கொடி பிழைக்கவில்லை. வசந்தத்தில் அவர் மஸ்தூராவுக்குப் போன் செய்து, அடிக்கட்டை வரைக்கும் கருகிவிட்டது மகளே என்று சொல்லி அழுதார். மஸ்தூராவின் மதிலோரக் குச்சி சின்னது. முழுக்க மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்ததால் தப்பித்து, ஏப்ரலில் இரண்டு இலை விட்டது.

துர்தோனாவின் கணக்கில் ஏழாம் எண் ஒரு அதிசயம். தெரிந்த எந்தத் திராட்சை இனத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. அதை வைத்தே கட்டுரை எழுதி, மறு வருடம் ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினாள். கட்டுரை வந்தால் ஜூனில் பட்டம்.

அனுப்பிய கையோடு பிப்ரவரியில் அண்ணன் கல்யாணத்துக்கு நமங்கான் போய்விட்டாள். அந்த வாரம் பார்த்துப் பக்கத்து ஆய்வகத்தின் ஃப்ரீசர் பழுதாகி, அவர்கள் பொருளையெல்லாம் மாமியாரிடம் கொண்டுவர வேண்டியதாயிற்று. இடம் இல்லை. எதைத் தூக்கலாம் என்று மஸ்தூரா துர்தோனாவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் கல்யாண ஊதுகொம்புகளின் சத்தம்தான் கேட்டது. அதனால் கேள்வியை மெசேஜாக அனுப்பினாள். பதில் வந்தது: 'B பெட்டியைப் போட்டுவிடுங்கள் ஓபா.' ஓபா என்றால் அக்கா.

இரண்டு வயிறு உள்ள அந்த எழுத்து இருக்கிறதே, அதில்தான் வினை. புதிய எழுத்தில் அது 'பே'. பழைய எழுத்தில் அதே உருவம், கோடு மாறாமல், 'வே'. துர்தோனா சொன்னது இரண்டாவது பெட்டியை. பார்கெண்ட் தோட்டங்கள் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் இருக்கின்றன, வேண்டும்போது போய் இலை பறித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. மஸ்தூரா ஃப்ரீசரைத் திறந்தாள். மூன்றாவது பெட்டியின் மேல், தன் கையாலேயே எழுதிய அந்த இரட்டை வயிற்று எழுத்து இருந்தது. மனம் கேட்கவில்லை. "நிச்சயம்தானா?" என்று மறுபடி கேட்டாள். "ஆமா ஓபா, B தான்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு நடனமாடும் பொம்மை.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கிறீர்கள், மாமியாருக்கே மூச்சு முட்டுகிறது என்று அதற்கு முந்தின வாரம்தான் துர்தோனா அவளைக் கடிந்திருந்தாள். சரி, சொன்னதைச் செய்கிறேன், ஆளை விடு என்ற மனநிலையில் இருந்தாள் மஸ்தூரா. கட்டுரைதான் போய்விட்டதே, இனி எதற்கு என்றும் நினைத்தாள். மூன்றாவது பெட்டி நீராவிக் குக்கருக்குள் போய் நாற்பது நிமிடம் அவிந்தது.

பத்து நாள் கழித்து இதழிலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழாம் எண்ணை மறுபடி செய்து காட்டுங்கள், குழாய் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், ஆறு வாரம் அவகாசம் என்று எழுதியிருந்தார்கள். துர்தோனா சிரித்துக்கொண்டே வந்து மாமியாரைத் திறந்தாள். சிரிப்பு நின்றது.

"ஓபா, மூணாவது பெட்டி எங்க?"

"அவிச்சுக் கொட்டியாச்சு. நீதானே சொன்ன."

"நான் ரெண்டாவதைச் சொன்னேன்."

மஸ்தூரா போனை எடுத்து நீட்டினாள். இரண்டு தலையும் அதன் மேல் குனிந்தன. மாமியார் கதவு திறந்தே இருந்ததால் கத்தத் தொடங்கியது. யாரும் மூடவில்லை.

"இது பே, ஓபா," என்றாள் துர்தோனா.

"இது வே, பொண்ணே," என்றாள் மஸ்தூரா.

ரெண்டும் சரி. அதுதான் கொடுமை. ஒருத்தி தப்பு செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆய்வகத் தலைவர் எர்காஷ் தோம்லா தேநீர் நேரத்தில் வந்தார். தோம்லா என்றால் வாத்தியார், அங்கே பேராசிரியர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதரல்ல. ஆனால் எதற்கும் ஒரு காகிதம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நடந்ததைக் கேட்டுவிட்டு, நின்றபடியே மஸ்தூராவைப் பார்த்துச் சொன்னார்.

"எழுத்து மாத்தி முப்பது வருஷம் ஆகப்போகுது. ஊரே மாறியாச்சு. உங்க கண்ணு மட்டும் பழசுலயே நின்னா எப்படி?"

"ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் போட்டேன், தோம்லா."

தோம்லா துர்தோனாவின் பக்கம் திரும்பினார். ஆமாம், கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். துர்தோனா தன் கிண்ணத்துக்குள் எதையோ தேடுகிறவள்போல் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு பேரும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விளக்கக் கடிதம் தன் மேஜைக்கு வர வேண்டும் என்றார் தோம்லா. புதிய எழுத்தில். பழையதை இனி அலுவலகம் வாங்காது. "ஒரு பெட்டி போச்சு, ஒரு கடிதம். யார் எழுதுறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

அது வெறும் கடிதமல்ல என்று மஸ்தூராவுக்குத் தெரியும். அங்கே பெண்களுக்கு ஐம்பத்தைந்தில் ஓய்வு. மூன்று வருடமாக அவள் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். மார்ச் கடைசியில் தோம்லா கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடம், போடாவிட்டால் வீடு. பொறுப்பற்று மாதிரியை அழித்தேன் என்று ஒரு கடிதம் கோப்பில் ஏறினால் எந்தத் தலைவரும் கையெழுத்துப் போட மாட்டார். மாமியாரை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்று அவளை அதிகம் வலித்தது அந்த வேலை அல்ல, அந்தக் குனிந்த தலை. பனியில் நின்று பெட்டி காத்த கைக்கு ஒரு வாய்ச்சொல் கூடவா கிடைக்காது.

மறுநாள் பதினொரு மணிக்கு வழக்கம்போல் தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் மரியாதைக்குரியவர்களுக்குக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்ற வேண்டும், அவர்கள் கூட இருக்க வேண்டும் என்று அர்த்தம். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். மஸ்தூரா துர்தோனாவின் கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பி, சிந்தாமல் அவள் முன்னால் வைத்தாள். மேஜையில் பேச்சு நின்றது. துர்தோனா அந்தக் கொதிக்கிற தேநீரை முழுவதும் குடித்தாள், ஒரு சொட்டு விடாமல். கண்ணில் நீர் வந்தது. சூட்டினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மஸ்தூராவின் புருஷன் கோபில், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். வாய்ச்சவடால் பேர்வழி, ஆனால் மனைவியின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் வாயைத் திறந்தான்.

"அந்த ஏழாம் நம்பர் கொடி போயிடுச்சுன்னு அழுவுறீங்க. நம்ம மதிலோரம் மண்ணுக்குள்ள கிடக்குறது என்ன, முள்ளங்கியா?"

"அதைச் சொன்னா நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த விதியை மீறினதையும் சொல்லணும். இருக்குற கடிதம் போதாதுன்னு அதுக்கு ஒண்ணா?"

"அதுக்காகவா சொல்லாம இருக்க?"

மஸ்தூரா ரொட்டியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். அவன் விடவில்லை.

"அந்தப் பொண்ணு மேல கோவம்."

"அவ வாயைத் திறக்கல," என்றாள் மஸ்தூரா. "நான் எதுக்குத் திறக்கணும்?"

கொடுமைக்காரி என்று அவளை நினைத்துவிட வேண்டாம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கட்டும் என்று காத்திருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்து, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'விளக்கக் கடிதம்' என்று புதிய எழுத்தில் எழுதுவதற்குள் விரல் வலித்தது. அடுத்த வரியில் பாய்சுன் என்ற பெயர் வர வேண்டும். புதிய எழுத்தில் அந்தப் பெயரே இரட்டை வயிற்று எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை எழுதிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது வாய்சுன் என்று நின்றது. தாளை மடக்கி ரொட்டிக் கூடைக்கு அடியில் செருகிவிட்டுப் படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை காலை, அவள் கையுறைகளை வைக்கும் டப்பாவுக்குள் ஒரு தாள் இருந்தது. பழைய எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதினாற்போல் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாலு இடத்தில் அடித்து எழுதியிருந்தது.

'எர்காஷ் தோம்லா அவர்களுக்கு. பெட்டியைப் போடச் சொன்னது நான். மஸ்தூரா ஓபா இரண்டு தடவை கேட்டார்கள். நான் கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டே பதில் அனுப்பினேன். ஃப்ரீசரில் எந்த எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும், யோசிக்கவில்லை. வாய்சுன் பெட்டி போனதற்கு நானே பொறுப்பு. வாய்சுனில் அந்தக் கொடி இப்போது இல்லை. செவ்வாய்க்கிழமையே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் போய்விடும் என்று பயந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. துர்தோனா.'

மஸ்தூரா அதை நின்றபடியே ஒரு தடவை படித்தாள். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கதவருகில் துர்தோனா நின்றுகொண்டிருந்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல்.

"தோம்லா புது எழுத்துலதானே கேட்டாரு. இதை எதுக்குப் பழசுல எழுதின?"

"அவருக்கு வேற ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், ஓபா. இது உங்களுக்கு. நீங்க தடுமாறாம படிக்கணும்னு. அம்மாகிட்ட அகரவரிசை எழுதி வாங்கி, பார்த்துப் பார்த்து எழுதினேன்."

"பார்த்து எழுதின லட்சணம். பாய்சுன்னு ரெண்டு இடத்துல வருது, ரெண்டு இடத்துலயும் வாய்சுன்னு எழுதியிருக்க."

துர்தோனா தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த எழுத்துக்காகப் பெட்டி போயிற்றோ, அதே எழுத்தில் அதே சறுக்கல், இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து. அவளுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாக மாறிவிட்டது. மஸ்தூரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"சனிக்கிழம காலையில வீட்டுக்கு வா," என்றாள். "நல்ல கத்தரியா ஒண்ணு கொண்டு வா. வர்ற வழியில யார்கிட்டயும் பேசாத."

சனிக்கிழமை கோபில் மதிலோரத்து மண்ணைக் கரண்டியால், கொல்லைச் செடியில் காட்டாத பக்குவத்தோடு, விலக்கினான். வசந்தப் பண்டிகையான நவ்ரூஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. குளிருக்கு மண்ணில் புதைத்த கொடியை அதற்கு முன்னால் அங்கே யாரும் திறக்க மாட்டார்கள். உள்ளே விரல் பருமனில் ஒரு கொடி சுருண்டு கிடந்தது, உயிர் இருப்பதாகவே தெரியவில்லை. மஸ்தூரா நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை.

எங்கிருந்து வந்தது என்று துர்தோனா கேட்கவில்லை. அவளே அந்த முற்றத்தில் நின்று பழம் தின்றவள்தானே. மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கீறலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடியின் நுனியில் அரை விரல் நீளம் வெட்டிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு மயிரிழை வெட்ட மஸ்தூரா விடவில்லை.

ஆனாலும் கொடி பேசாது. இது அந்த ஏழாம் எண்தான் என்று அதுவாக வந்து சொல்லாது. உட்பட்டையைச் சுரண்டி, அரைத்து, டிஎன்ஏ எடுத்து, ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். போன வருடம் எடுத்த படத்தில் ஏழாம் எண்ணின் கோடுகள் இருந்தன. அதே உயரங்களில் அதே கோடுகள் விழ வேண்டும். மஸ்தூராவுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் அன்றைக்கு எந்தக் கொடியில் வெட்டினார்? அந்த முற்றத்தில் மூன்று கொடி இருந்தது. அவள் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள், குச்சியை வெட்டியதைப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடமாக மூடிமூடியாகப் பெயர் எழுதியவள், அந்தக் குச்சிக்கு மட்டும் பெயர் எழுதி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெல்லை அவளே வார்த்தாள். மாதிரியைத் துர்தோனா விட்டாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டார்கள். பிறகு இருட்டறைக்குள் போய்ப் புறஊதா விளக்கைப் போட்டார்கள். பழைய படத்தைத் துர்தோனா பக்கத்தில் பிடித்தாள். 

முதல் கோடு ஒத்தது. இரண்டாவது ஒத்தது. மூன்றாவது மங்கலாக இருந்தது. துர்தோனா விளக்கைக் கூட்டினாள். மேலே ஒன்று, கீழே இரட்டையாக இரண்டு, பழைய படத்தில் இருந்த அதே இடத்தில். ஒன்பது கோடும் ஒத்துப்போயின.

மஸ்தூரா வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்சுன் பெரியவர் போனில் அழுத சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. வேலையை அவள் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை.

"இருக்கு," என்றாள். "அவரு கொடி இருக்கு."

எர்காஷ் தோம்லாவிடம் துர்தோனாவும் கூட வந்தாள். பெட்டி போனது தன்னால் என்ற கடிதத்தை வெள்ளிக்கிழமையே அவள் கொடுத்துவிட்டிருந்தாள். அவர் ஜெல் படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கொடி எப்படி வந்தது என்று கேட்டார். மஸ்தூரா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், ரொட்டித் துணி உட்பட. மலர்ந்த முகம் கூம்பிற்று. நோய்த்தடுப்பு விதியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம்தான். ஒரு பூச்சி வந்திருந்தால் ஊர்த் தோட்டமெல்லாம் போயிருக்கும். மஸ்தூரா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர் சொல்வது என்ன என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

"இதுக்கு ஒரு விளக்கக் கடிதம் வேணும்."

"எந்த எழுத்துல, தோம்லா?"

 அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அவளுடைய ஒப்பந்தத்தை எடுத்து, தேதி வருவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு எது வருதோ அதுல எழுதுங்க. நான் படிச்சுக்குறேன். நானும் அதுல படிச்சவன்தான்."

அன்று நான்கு மணிக்கு மஸ்தூரா தேநீர் ஊற்றியபோது, துர்தோனாவின் கிண்ணத்தில் அடி நனைகிற அளவுக்குத்தான் விட்டாள். மூன்று மிடறுகூட இருக்காது. துர்தோனா குடித்துவிட்டு நீட்டினாள், மஸ்தூரா ஊற்றினாள், மறுபடி நீட்டினாள். பேச்சு ஐந்து மணிவரை போயிற்று. மறுநாள் முதல் பெட்டிகளுக்கெல்லாம் எண் போட்டார்கள். எண்ணுக்கு எந்தக் காலத்திலும் ஒரே சட்டைதான்.

நோய்த்தடுப்பு அதிகாரிகள் வந்து கொடியைச் சோதித்து, பூச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் அது ஏழு இலை விட்டது. இலையுதிர் காலத்தில் ஒரு குச்சி பாய்சுனுக்குத் திரும்பிப் போக வேண்டும், இந்த முறை முத்திரை குத்திய காகிதத்தோடு என்று முடிவாயிற்று. கட்டுரையில் அந்தக் கொடிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று இதழ்க்காரர்கள் கேட்டார்கள். துர்தோனா பாய்சுன் பெரியவருக்குப் போன் செய்து, உங்கள் பெயரை வைக்கிறோம் என்றாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டில் அது செத்துப்போயிற்று, யார் வீட்டில் பிழைத்ததோ அந்தப் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதையும் துர்தோனா எழுதி அனுப்பியதையும் மஸ்தூராவிடம் யாரும் சொல்லவில்லை.

மே மாதத்தில் கட்டுரை ஏற்கப்பட்டது. அது ஒரு பெரிய செய்தி. மஸ்தூரா பலகையைச் சுத்தமாகத் துடைத்து, மேலே தேதி போட்டு, கட்டுரையின் பெயரும் துர்தோனாவின் பெயரும் தோம்லாவின் பெயரும் எழுதினாள். புதிதாகக் கண்ட கொடியின் பெயரையும் எழுத வேண்டும் என்று துர்தோனா அச்சடித்த தாளை நீட்டினாள். புதிய எழுத்து என்பதால் மஸ்தூரா நிதானமாகப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தாள். இந்தத் தடவை அவள் கண் ஏமாறவில்லை.

பேனாவைத் தூக்கினாள். அது பலகைக்கு ஒரு விரல் இந்தப் பக்கமே நின்றது. ஊரில் எல்லார் பெயரையும் எழுதிய கைக்கு அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.

துர்தோனா பேனாவை அவள் விரல்களிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, பழைய எழுத்திலேயே எழுதினாள். கோணல் மாணலாக இருந்தது, ஆனால் ஒரு பிழை இல்லை. முப்பத்தோரு ஆண்டில் மஸ்தூராவின் கையெழுத்தில் இல்லாமல் அந்தப் பலகையில் ஏறிய ஒரே பெயர், மஸ்தூரா.